ஐம்பதுக்கும் ஐம்பத்தொன்றுக்கும் நடுவில்

“அக்கா, என் பேரு எங்க?”

ஒத்தக்கடை மைதானத்தின் ஓரத்தில், சாமியானா நிழலில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த நாகஜோதி நிமிர்ந்தாள். எதிரே பச்சை ஜெர்சியில் ஒரு பெண். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை. ஒரு கையில் உரித்த வாழைப்பழம், மறு கையில் இளநீர். இரண்டையும் மாற்றி மாற்றி வாயில் வைத்துக்கொண்டே பேசினாள்.

“போர்டுல பாருங்க. எங்க டீம்ல எல்லாத்துக்கும் பேரு வந்திருக்கு. எனக்கு மட்டும் இல்ல.”

“இருக்கும். நல்லாப் பாரு.”

“மூணு தடவை ஓடி முடிஞ்சிருச்சுக்கா. கழுத்து வலிக்கப் பாத்துட்டேன். எங்காளுக வேற சிரிக்குறாளுக, உன்னைய மிஷின் தின்னுருச்சுடின்னு.”

மேடைக்கு இடப்பக்கம் ஒரு லாரியின் மேல் பெரிய எல்.இ.டி. திரை நின்றது. மலையடி மின்னல் கபடிக் குழு நடத்தும் பெண்கள் கபடிப் போட்டியின் ஆட்டக்காரர் பட்டியல் அதில் ஓடிக்கொண்டிருந்தது. 41 முதல் 45 கிலோ. 46 முதல் 50. 51 முதல் 55. 56 முதல் 60. காலையில் எடை போட்ட ஒவ்வொரு பெண்ணும் இந்த நான்கு பிரிவுகளில் ஏதாவது ஒன்றில் விழுந்தாக வேண்டும். பிரித்துப் போடுவது நாகஜோதி எழுதிய புரோகிராம். தல்லாகுளத்தில் ஒரு மாடியில் இருக்கும் ராம்கியின் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் அவளுக்கு வேலை. இந்தப் போட்டிக்கு அவள் வருவது இது இரண்டாவது வருடம்.

“பேரு சொல்லு.”

“முத்துச்செல்வி. செக்கானூரணிப் பக்கம். ஐம்பது கிலோ டீமு.”

நாகஜோதி தேடினாள். பதிவு இருந்தது. போட்டோவில் இதே பெண்தான் முறைத்துக்கொண்டிருந்தாள். ஊர், அணி, ஜெர்சி நம்பர், எடை எல்லாம் சரி. பிரிவு என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

எடை: 50.7.

அந்த எண்ணைப் பார்த்ததுமே நாகஜோதிக்குச் சந்தேகம் தட்டியது. பதிவான மொத்தப் பெயர்களையும் திரையில் ஓடும் பெயர்களையும் எண்ணச் சொல்லிப் பார்த்தாள். கழித்தால் பதினொன்று மிச்சம். பதினோரு பெண்கள் பட்டியலிலேயே இல்லை. 45.4, 50.3, 50.7, 55.2, 55.8... எல்லாரும் ஒரே மாதிரி இடத்தில்தான் நின்றார்கள்.

ஐம்பது வரைக்கும் ஒரு பெட்டி. ஐம்பத்தொன்றிலிருந்து அடுத்த பெட்டி. ஐம்பதே முக்கால் என்று ஒருத்தி வந்தால் முதல் பெட்டி அவளை வேண்டாம் என்கிறது; தாண்டிவிட்டாளாம். இரண்டாவது பெட்டியும் வேண்டாம் என்கிறது, இன்னும் எட்டவில்லையாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து. புரோகிராம் தப்பு என்று கத்தவும் இல்லை, நின்றுபோகவும் இல்லை. அந்தச் சந்தில் நின்றவர்களைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டுப் போய்விட்டது.

போன வருடம் ஏன் இப்படி ஆகவில்லை?

மைக்கைத் தட்டித் தட்டி “ஹலோ ஹலோ” சொல்லிக்கொண்டிருந்த காளையைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. சுற்றுப்பட்டில் எங்கே கபடி நடந்தாலும் மைக் காளையின் கையில்தான். போன வருடம் வரை அரிசி மண்டி மேடைத் தராசில் பெண்கள் ஏறி நிற்பார்கள். காளை முள்ளைப் பார்த்து “ஐம்பது!” என்று கத்துவார். முள் ஐம்பதைத் தாண்டிக் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் அதே கத்தல்தான். “ஐம்பத்தொண்ணைத் தொடாத வரைக்கும் ஐம்பதுதான் தாயி, எறங்கு!” நாகஜோதி அவர் கத்திய முழு எண்ணைத் தட்டுவாள். சில்லறையைக் கழித்துவிடும் வேலையைக் காளையின் தொண்டை செய்துகொண்டிருந்திருக்கிறது. இந்த வருடம் புது டிஜிட்டல் மிஷின் வந்துவிட்டது. எடை கேபிள் வழியாக நேராக லேப்டாப்புக்கு வருகிறது, புள்ளியோடு. காளை வெறும் வரவேற்புரை ஆளாகிவிட்டார். பிரிவுகளை மட்டும் நாகஜோதி போன வருடத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டுவிட்டாள்.

‘சோதிச்சுப் பாத்திருக்கணும். என் தப்புத்தான்’ என்று மனதுக்குள் தலையில் குட்டிக்கொண்டாள்.

“என்னக்கா, இருக்கா இல்லையா?”

“இருக்க. நான் போட்ட பிரிவுலதான் கோளாறு. இரு, சரி பண்ணிர்றேன்.”

முத்துச்செல்வி இளநீரைக் கீழே வைத்தாள். முகத்திலிருந்த விளையாட்டு போய்விட்டது.

“சீக்கிரம்க்கா. முன்னால உக்காந்திருக்காங்க பாருங்க, தொப்பி போட்ட டீச்சர். பசுமலை காலேஜுல இருந்து வந்திருக்காங்க. ஆட்டம் பாத்து நாலு பேரைப் பொறுக்கிக் காலேஜுல சேக்கப் போறாங்களாம், ஹாஸ்டலோட. நான் ப்ளஸ் டூ முடிச்சு ஒரு வருசமா வீட்டுல இருக்கேன். இன்னைக்கு ஆடலைன்னா, அடுத்த மாசம் என்னைய ஜவுளிக்கடைக்கு அனுப்பப் பேசி வச்சிருக்காங்க. நின்ன காலோட சேலை மடிக்கணும். நேத்துப் பூரா பச்சத் தண்ணி குடிக்கலக்கா. ரெண்டு ஸ்வெட்டரு மாட்டிக்கிட்டுக் கம்மாக்கரையில ஓடுனேன், ஐம்பத்தொண்ணுக்குள்ள வரணும்னு. வந்துட்டேன்ல?”

“வந்துட்ட.”

அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல். “என்னம்மா ஜோதி, என்ன பஞ்சாயத்து?”

அருள்பாண்டி. மின்னல் குழுவின் செயலாளர். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, இரண்டு கையிலும் இரண்டு போன். போட்டி நடத்துவது அவர் குழு. ஐம்பது கிலோ பிரிவில் கோப்பைக்கு நிற்பதும் அவர் குழுவின் பெண்கள் அணிதான்.

நாகஜோதி நடந்ததைச் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. அருள்பாண்டி தலையை ஆட்டிக் கேட்டார்; கோபப்படவில்லை.

“சரி விடு, மிஷினுன்னா அப்படித்தான். யாரு யாரு விட்டுப் போச்சு? காட்டு பாப்போம்.”

பதினோரு பெயர்களையும் காட்டினாள். அவர் குனிந்து ஒவ்வொன்றாக விரல் வைத்து வாசித்தார். சுஃபியா, 50.3 என்ற இடத்தில் விரல் நின்றது. மின்னல் அணியின் கேப்டன், பிடிப்பதில் புலி. பிறகு முத்துச்செல்வி, 50.7. அங்கேயும் நின்றது. இன்னொரு முறை மேலே போய்ச் சுஃபியாவைப் பார்த்துவிட்டு வந்தது. பக்கத்தில் நின்ற பச்சை ஜெர்சியை ஒரு பார்வை பார்த்தார்.

“நீதான் செக்கானூரணியா? போன மாசம் திருமங்கலத்துல எங்க பிள்ளைகளைப் போட்டு உருட்டுனது நீதானா?”

“உருட்டலைண்ணே. தொட்டுட்டுத்தான் வந்தேன். அவங்களா உருண்டாங்க.”

அருள்பாண்டி சிரித்தார். சிரித்தபடியே நாகஜோதியிடம் திரும்பினார்.

“ரவுண்டு பண்ணி விட்டுரு தாயி. அரைக்கு மேல இருந்தா அடுத்த கிலோ, கீழ இருந்தா இந்த கிலோ. பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்ததுதானே. யாருக்கும் ஓரவஞ்சனை இல்ல.”

நியாயமாகத்தான் கேட்டது. நாகஜோதியின் விரல் பாதி தட்டியும்விட்டது. திரையில் போடுவதற்கு முன்னால் தன் லேப்டாப்பில் மட்டும் ஓட்டிப் பார்த்தாள். சுஃபியா ஐம்பது கிலோவில் போய் உட்கார்ந்தாள். முத்துச்செல்வி ஐம்பத்தைந்து கிலோவுக்குத் தூக்கி எறியப்பட்டாள். அந்தப் பிரிவில் செக்கானூரணி அணியே கிடையாது. தனியாக ஒருத்தி யாரோடு சேர்ந்து ஆடுவாள்? பட்டியலில் பெயர் இருக்கும், மைதானத்தில் ஆள் இருக்காது.

நாகஜோதி விரலை எடுத்தாள்.

“ஏண்ணே, ரவுண்டு பண்ணணும்கிறது இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?”

“என்ன கேக்குற?”

“நான் கோளாறுன்னு சொன்னப்பவே சொல்லியிருக்கலாம்ல. பேரை எல்லாம் பாத்துட்டுச் சொல்றீங்க.”

“அட, எப்பச் சொன்னா என்ன? முறை முறைதானே?”

“ஆளைப் பாக்குறதுக்கு முன்னாடி சொன்னா முறை. பாத்துட்டுச் சொன்னா அது வேற. போன வருசம் எப்படிப் போட்டோமோ அப்படித்தான் இந்த வருசமும். ஐம்பத்தொண்ணைத் தொடுற வரைக்கும் ஐம்பது. நோட்டீசுலயும் வேற மாதிரி ஒண்ணும் போடலையே. அதை நம்பித்தான் இந்தப் பிள்ளை தண்ணி குடிக்காம ஓடியிருக்கா.”

அருள்பாண்டியின் சிரிப்பு மெல்லக் கீழே இறங்கியது. “இங்க பாரு. உன்னைய வேலைக்குக் கூப்பிட்டிருக்கேன், நியாயம் பேசக் கூப்பிடல. ரவுண்டு பண்ணு.”

“பண்ண மாட்டேண்ணே.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. லேப்டாப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அருள்பாண்டி ஒரு போனைக் காதில் வைத்தபடி நகர்ந்தார். அடுத்த நிமிடம் நாகஜோதியின் போன் அடித்தது. ராம்கி.

“ஜோதி, என்னம்மா பிரச்சினை அங்க? அருள்பாண்டி அண்ணன் காச்சு மூச்சுன்னு கத்துறாரு.”

“சார், ஒரு பிரிவுக்கும் அடுத்த பிரிவுக்கும் நடுவுல விட்டுப் போச்சு. அதைச் சரி பண்ணத்தான் போறேன். ஆனா அவர் சொல்ற மாதிரி பண்ணா ஒரு பிள்ளை ஆட முடியாமப் போயிரும். வேணும்னேதான் சொல்றாரு.”

“அதனால நமக்கென்ன? கிளையண்ட் எங்க கோடு போடச் சொல்றாரோ அங்க போடு. நீ என்ன அம்பயரா?”

“கோடு எங்க வேணும்னாலும் போடலாம் சார். எடை போட்டு முடிச்ச பிறகு, ஒருத்தி காலுக்கு முன்னாடி பாத்துப் போடக் கூடாது.”

“டயலாக் எல்லாம் எதுக்கும்மா? ஒரு வரி. ஒரே ஒரு வரி மாத்தணும். மாத்திட்டுக் கிளம்பி வா.”

“மாத்துறேன் சார். அவர் சொல்ற வரியை இல்ல.”

“ஜோதி, நாளைக்கு வேலைக்கு வரணுமா வேண்டாமா உனக்கு?”

நாகஜோதி மைதானத்தைப் பார்த்தாள். யானைமலைப் பக்கமிருந்து வெயில் ஏறி வந்துகொண்டிருந்தது. களத்தில் புதிதாகப் போட்ட சுண்ணாம்புக் கோடு கண்ணைக் கூச வைத்தது. முத்துச்செல்வி போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, கடிக்காத மீதிப் பழத்தைக் கையில் நசுக்கிக்கொண்டிருந்தாள்.

“வரணும் சார். வருவேன். இப்ப வைக்கிறேன்.”

போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து நான்கு பிரிவுகளுக்கும் கீழே ஐந்தாவதாக ஒன்றை எழுதினாள். எந்தப் பெட்டிக்குள்ளும் விழாதவர்கள் எல்லாரும் வந்து விழ ஒரு பெட்டி. அதற்கு ஒரு பெயரும் தட்டினாள். ஒரு முறை மூச்சை இழுத்துவிட்டு, திரைக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

பெரிய திரை ஒரு கணம் கறுத்தது. பிறகு கொட்டை எழுத்தில் வந்தது:

‘எந்தப் பிரிவிலும் சேர்க்கப்படாதவர்கள் – 11.’

கீழே பதினோரு பெயர், ஊர், எடை.

முதலில் ஒரு முணுமுணுப்பு. பிறகு கேலரியின் ஒரு மூலையிலிருந்து ஒரு விசில். அப்புறம் மைதானமே சளசளத்தது.

“ஏய், நம்ம ரஞ்சிதா பேரு அதுல இருக்குடா!”

“சேக்கலைன்னா என்னா அர்த்தம்? எடை போடயில நான் பக்கத்துலதானே நின்னேன்!”

“யோவ் மைக்கு! என்னாய்யா நடக்குது அங்க?”

மைக் காளை திரையைப் பார்த்தார், நாகஜோதியைப் பார்த்தார், வேகமாக வரும் அருள்பாண்டியைப் பார்த்தார். “அன்பார்ந்த கபடி ரசிகப் பெருமக்களே, அமைதி, அமைதி” என்றார். யாரும் அமைதியாகவில்லை.

அருள்பாண்டி மேசையை ஓங்கித் தட்டினார். “எடுறி அதை! யாரைக் கேட்டுப் போட்ட?”

“பதினோரு பேரு காசா பணமாண்ணே, பூட்டி வைக்க? அவங்க பேரு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?” நாகஜோதி எழுந்து நின்றாள். “காளையண்ணே! அந்த மைக்கைக் கொஞ்சம் இங்க குடுங்க.”

காளைக்கு மைக்கை யாருக்கும் கொடுத்துப் பழக்கமில்லை. கொஞ்சம் தயங்கினார். “நீ கேளு தாயி, நான் சொல்லிர்றேன். மைக்கு என் கையிலயே இருக்கட்டும்.”

“சரிண்ணே. போன வருசம் ஒரு பிள்ளை ஐம்பதரை கிலோ இருந்தா நீங்க என்ன கத்துவீங்க?”

“ஐம்பதுன்னு கத்துவேன்.” மைக் திறந்தே இருந்தது. மைதானம் முழுக்கக் கேட்டது.

“ஐம்பதே முக்கால்?”

“அதுவும் ஐம்பதுதான்.”

“ஏன்?”

காளை பழக்க தோஷத்தில் நெஞ்சை நிமிர்த்தினார். “ஐம்பத்தொண்ணை...”

மீதியைக் கேலரி முடித்தது. “...தொடாத வரைக்கும் ஐம்பதுதான் தாயி, எறங்கு!” ஆயிரம் தொண்டையில் காளையின் ராகம். கடைசியில் கைத்தட்டலும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. முன்வரிசையில் தொப்பி போட்ட டீச்சர்கூடத் திரும்பி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

அருள்பாண்டி லேசான ஆள் இல்லை. பத்து வருடமாகப் போட்டி நடத்துகிறவர். முகத்தைத் துடைத்துக்கொண்டு காளையிடமிருந்து மைக்கைப் பறித்தார்.

“சரி. பொதுமக்கள் சொல்றதுக்குக் கட்டுப்படுறேன். தொடாத வரைக்கும் ஐம்பது. ஆனா ஒண்ணு. கம்ப்யூட்டர்ல கோளாறுன்னு அந்தப் பிள்ளையே ஒத்துக்கிருச்சு. கோளாறான கம்ப்யூட்டர்ல ஏறுன எடையை எப்படி நம்புறது? சந்தேகத்துக்கு இடம் வேணாம். செக்கானூரணிப் பிள்ளை மறுபடி ஏறட்டும். ஐம்பத்தொண்ணுக்குள்ள இருந்தா ஆடட்டும்!”

கேட்பதற்கு இதுவும் நியாயமாகத்தான் இருந்தது. கேலரியில் சிலர் “அதான் சரி” என்றார்கள்.

முத்துச்செல்வியின் முகம் செத்துவிட்டது. நாகஜோதியின் காதருகில் வந்து கிசுகிசுத்தாள். “அக்கா, நான் எடை போட்டு இறங்குன உடனே பொங்கல் சாப்பிட்டேன்.”

“எம்புட்டு?”

“ரெண்டு தட்டு. நாலு வடை. ரெண்டு இளநீ. அப்புறம் இந்தப் பழம்.”

கபடிக்காரப் பெண்கள் எல்லாரும் செய்வதுதான். எடை போடும் வரை உமிழ்நீரைக்கூட விழுங்க மாட்டார்கள். தராசிலிருந்து கால் கீழே பட்டதும் நேராகப் பந்திக்குத்தான் ஓடுவார்கள். மைதானத்தை ஒட்டிச் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக முளைப்பதே அதை நம்பித்தான். அருள்பாண்டிக்கு இது தெரியாதா? தெரிந்துதான் கேட்கிறார்.

நாகஜோதிக்கு முதலில் ஆத்திரம் வந்தது. அடுத்த நொடி சிரிப்பு வந்தது. சாமியானாவுக்குப் பின்னால் கறி தோசைக் கடையிலிருந்து கல்லில் தோசைக் கரண்டி தட்டும் சத்தம் வந்துகொண்டிருந்தது. கடை வாசலில் வரிசையாகச் சிவப்பு ஜெர்சிகள். மின்னல் அணி.

“மறுபடி ஏறச் சொல்றீங்களாண்ணே?” மைக் இல்லாமலே கத்தினாள். “தாராளமா. நானும் அதைத்தான் சொல்றேன். ஆனா மிஷின்ல சந்தேகம்னா அந்த மிஷின்ல ஏறுன எல்லார் மேலயும்தான் சந்தேகம். ஒருத்தியை மட்டும் ஏத்த முடியாது. நாலு பிரிவும், எல்லா டீமும், ஆரம்பத்துல இருந்து ஏறட்டும். முதல்ல உங்க டீமு. அந்தா நிக்கிறாங்க பாருங்க, கூப்பிடுங்க!”

மைதானம் மொத்தமும் கறி தோசைக் கடைப் பக்கம் திரும்பியது. வாய் நிறைய தோசையோடு சிவப்பு ஜெர்சிகள் திருதிருவென்று விழித்தன. ஒருத்தி தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

கேலரி வெடித்தது.

“மாப்ள, அந்தக் கடைசிப் பிள்ளையை ஏத்து! மிஷினு எழுபது காட்டும்!”

“செயலாளரே, நீங்களும் ஏறுங்க!”

சிவப்பு ஜெர்சிகளுக்கு நடுவிலிருந்து ஒருத்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். உயரம் குறைவு, தோள் அகலம். மின்னல் அணியின் கேப்டன் சுஃபியா. நேராக அருள்பாண்டியின் முன்னால் வந்து நின்றாள்.

“மலைச்சுப்போய் நிக்காதீங்கண்ணே, கேளுங்க. நான் மூணு கறி தோசை உள்ள தள்ளியிருக்கேன். இப்ப என்னைய ஏத்துனா ஐம்பத்தொண்ணு தாண்டிரும். நானும் அவுட்டு, நம்ம பிள்ளைக பாதிப் பேரும் அவுட்டு. உங்களுக்குக் கோப்பை வேணுமா, வேணாமா?”

“சுஃபியா, நான் உனக்காகத்தானே...”

“எனக்காகவா? அவளைத் தராசுல தோக்கடிச்சிட்டு நான் எங்க வாப்பா முன்னாடி கோப்பையைக் கொண்டுபோய் வைக்கணுமா? திருமங்கலத்துல என் கையில சிக்காம ஓடுனவ இவ. அதுக்கு நான் இன்னைக்குக் கணக்குத் தீக்கணும். அவ களத்துக்குள்ள வந்தாத்தான தீக்க முடியும்?” முத்துச்செல்வியை மேலும் கீழும் பார்த்தாள். “என்னடி, பொங்கல் தின்னுட்டுத் தூக்கம் வருதா? உள்ள வா, எழுப்பி விடுறேன்.”

“ஏன், மூணு தோசையோட ஓட முடியுமா உனக்கு?” என்றாள் முத்துச்செல்வி. செத்த முகத்தில் உயிர் வந்துவிட்டது.

“எனக்கு எதுக்குடி ஓட்டம்? நீதான் என் கையில வந்து விழப் போற.”

அருள்பாண்டி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கேலரியில் காளையின் ராகம் மறுபடி கிளம்பிவிட்டது. தொடாத வரைக்கும், தொடாத வரைக்கும் என்று தகர டப்பாவில் தாளம் வேறு. அவர் மைக்கைக் காளையின் கையில் திணித்துவிட்டு நாகஜோதியின் மேசைக்கு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“போட்டுத் தொலை.”

“எல்லாருக்கும் ஒரே மாதிரிதானேண்ணே?”

“போடுங்கிறேன்ல!”

நாகஜோதி உட்கார்ந்தாள். உண்மையிலேயே ஒரு வரிதான். ‘46 முதல் 50 வரை’ என்று இருந்ததை ‘46 முதல், 51க்குக் கீழே’ என்று மாற்றினாள். மற்ற மூன்றையும் அதே போல. ஒரு பிரிவு முடிகிற இடத்திலேயே அடுத்தது தொடங்கியது. நடுவில் ஒரு கிராமுக்குக்கூடச் சந்து இல்லை. காளையின் தொண்டை செய்த வேலையை இனிமேல் இந்த வரி செய்யும்.

அழுத்தினாள். திரையில் பதினோரு பெயர்களும் ஒவ்வொன்றாக மேலே ஏறித் தத்தம் அணிக்குள் போய் உட்கார்ந்தன. 46 முதல் 50 கிலோ பிரிவில், செக்கானூரணி அணியின் கடைசிப் பெயராக முத்துச்செல்வி வந்தாள். பச்சை ஜெர்சிகள் ஓடிவந்து அவளைத் தூக்கின. தூக்க முடியாமல் கீழே போட்டன.

திரையின் அடியில் ஐந்தாவது வரி அப்படியே நின்றது.

‘எந்தப் பிரிவிலும் சேர்க்கப்படாதவர்கள் – 0.’

“அதான் எல்லாம் முடிஞ்சிருச்சுல்ல, அதை எடு” என்றார் அருள்பாண்டி. “பாக்க அசிங்கமா இருக்கு. அதான் சைபர் ஆயிருச்சே, இன்னும் எதுக்கு?”

“சைபராவே இருக்குதான்னு எல்லாரும் பாக்கட்டும்ணே. அது இருக்கும்.”

“அடுத்த வருசம் உன்னையக் கூப்பிட மாட்டேன், தெரியும்ல?”

“கூப்பிடாதீங்க. வேற யாரு வந்தாலும் இந்த வரி எங்க காணோம்னு கேலரி கேக்கும். அவங்களுக்குப் பதில் சொல்லிக்கோங்க.”

அருள்பாண்டி அவளை முறைத்துவிட்டு, அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஐம்பது கிலோ பிரிவின் முதல் ஆட்டம். மின்னலுக்கு எதிராகச் செக்கானூரணி. விசில் ஊதியதும் முத்துச்செல்வி மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு, கோட்டைத் தாண்டிப் பாடிப் போனாள். “கபடி கபடி கபடி...” இடது பக்கம் ஒரு பாய்ச்சல், வலது பக்கம் ஒரு போக்குக் காட்டல். ஒரு சிவப்பு ஜெர்சியைத் தொட்டும்விட்டாள். திரும்பும்போது பொங்கலோ வடையோ, கால் அரை நொடி தாமதித்தது. அந்த அரை நொடி போதும் சுஃபியாவுக்கு. கணுக்காலில் கை விழுந்தது. இரண்டு பேரும் புழுதியில் உருண்டார்கள். முத்துச்செல்வியின் விரல் நுனி நடுக்கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றுபோனது.

“அவுட்டு!”

சிவப்பு ஜெர்சிகள் குதித்தன. சுஃபியா எழுந்து கையை நீட்டினாள். முத்துச்செல்வி அந்தக் கையைப் பிடித்து எழுந்து, அதே வேகத்தில் உதறிவிட்டாள்.

“முதல் பாட்டுக்கே சந்தோசப்படாத. இன்னும் அரை மணி நேரம் கெடக்கு.”

“அதான் எனக்கும் வேணும்.”

நாகஜோதிக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. அவுட்டுத்தான். எல்லார் கண் முன்னாலும், களத்துக்குள் ஆடி, ஒருத்தி கையில் பிடிபட்டு அவுட்டு. முன்வரிசையில் தொப்பி போட்ட டீச்சர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டிருந்தார். பக்கத்திலிருந்தவரிடம், “வெளிய போயிருக்கே அந்தப் பச்சைச் சட்டைப் பிள்ளை, அது பேரு என்ன?” என்று கேட்டது காதில் விழுந்தது. பக்கத்திலிருந்தவர் திரையைக் காட்டினார்.

மேசையில் கவிழ்த்து வைத்த போன் துள்ளியது. ராம்கியிடமிருந்து மெசேஜ். ‘நாளை காலை முதல் வேலையா என் ரூமுக்கு வா. பேசணும்.’

நாகஜோதி பதில் தட்டினாள். ‘வாரேன் சார். எனக்கும் பேசணும்.’

களத்தில் செக்கானூரணிக்காரி ஒருத்தி சிவப்பு ஜெர்சி ஒன்றை மடக்கிப் பிடித்துவிட்டாள். ஒரு பாயிண்ட். வெளியே உட்கார்ந்திருந்த முத்துச்செல்வி மறுபடி உள்ளே வரலாம். தொடையைத் தட்டிக்கொண்டு அவள் எழுந்தபோது, மைக் காளை தொண்டையைச் செருமினார்.

“வர்றா பாருங்க! ஐம்பத்தொண்ணைத் தொடாத பிள்ளை வர்றா! மின்னலு, பிடிச்சுக்கோ!”

முத்துச்செல்வி கோட்டைத் தாண்டினாள்.